சுவிஸ் பயணம்: பணமும் உடம்பும் பத்திரம்!

சுவிட்சர்லாந்து ஒரு சிறிய நாடு. அதன் பரப்பளவு 41 ஆயிரத்து 285 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சினிமாப் பாட்டில் பார்த்த பனிமலையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அங்கே போகிறவர்கள் பலர். பத்து வருடச் சேமிப்பை எடுத்துக் கொண்டு, பெண்டு பிள்ளைகளுடன் புறப்படுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் போகிறது. 1983-ம் ஆண்டு இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்தில் குடியேறினார்கள். தமிழ்நாட்டில் இருந்து போய் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பிறந்த நாள் என்று அம்மாக்களும் அப்பாக்களும் விமானம் ஏறுகிறார்கள்.

இவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள். பாஷை தெரியாதே என்று பயப்படுகிறார்கள். இரண்டுமே சமாளிக்கக்கூடியவை. கையைக் கடிப்பது, ஊரில் இருக்கும்போதே படிக்காமல் விட்ட காகிதங்கள்தான்.

அங்கே நாணயம் பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கும் மேல். ஒரு சின்னத் தவறுக்கு நூறு பிராங்க் போனால், இங்கே பத்தாயிரம் ரூபாய் போனதாக அர்த்தம்!

எந்தத் தூதரகம்?

சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய யூனியனில் சேராத நாடு. ஆனாலும் "ஷெங்கன்" என்ற ஏற்பாட்டில் 2008-ம் ஆண்டு டிசம்பரில் சேர்ந்து கொண்டது. இந்த ஏற்பாட்டில் 29 நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டின் விசா இருந்தால் 29 நாடுகளுக்கும் போகலாம்.

இங்கேதான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். "அந்த நாட்டுத் தூதரகத்தில் விசா சீக்கிரம் கிடைக்கிறதாம். அங்கே வாங்கிக்கொண்டு சுவிசுக்குப் போய் விடலாம்" என்று ஏஜெண்டு சொல்லுவார்.

அது சரியல்ல. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப் போகிறீர்களோ, அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம நாள் தங்குவதாக இருந்தால், முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறீர்களோ அந்த நாடு. விமான நிலைய அதிகாரி, ஓட்டல் ரசீதைக் கேட்பார். கதை ஒன்று, ரசீது வேறு என்றால் சிக்கல்தான்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். பதினைந்து நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு தெரியும். சந்தேகம் வந்தால் 45 நாள்வரை ஆகும். ஆகவே கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கட்டணம் 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் உயர்ந்தது. பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. "விசா நிச்சயம்" என்று உறுதி சொல்லிப் பணம் கேட்கும் ஆளிடம் இருந்து விலகி நிற்பது நல்லது. அந்த உறுதியைக் கொடுக்கும் அதிகாரம் எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது.

பாஸ்போர்ட்டையும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். அது பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி ஆக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

கையில் பணம் இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு 100 பிராங்க் என்பது சுவிஸ் அரசாங்கத்தின் கணக்கு. அத்தாட்சி உள்ள மாணவர்களுக்கு 30 பிராங்க் போதும். இதற்காக, விண்ணப்பிக்கும் முன் தினம் கடன் வாங்கிப் பாங்கியில் போடுகிறவர்கள் உண்டு. பாங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு அது பளிச்சென்று தெரியும். மாதா மாதம் சம்பளமோ பென்ஷனோ வந்த கணக்குதான் நம்பிக்கை தரும்.

இரண்டு கணக்கு, இரண்டு தேதி

விசா, பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும். வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு விட்டுப் பெட்டியில் பூட்டி விடுகிறார்கள். அதில் என்ன எழுதி இருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு.

அதில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று ஒரு வரி இருக்கும். "இத்தனை நாள் தங்கலாம்" என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் ஒன்றல்ல!

ஜூன் 1-ந் தேதி முதல் 30-ந் தேதி வரை என்று ஒரு வரியில் இருக்கலாம். தங்கும் நாள் 15 என்று அடுத்த வரியில் இருக்கலாம். அப்படியானால் அந்த முப்பது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். தங்குவது 15 நாள்தான். போய் இறங்கும் நாளும் ஒரு நாள். கிளம்பும் நாளும் ஒரு நாள்.

எத்தனை முறை உள்ளே வரலாம் என்றும் எழுதி இருக்கும். ஒரு முறை என்று இருந்தால் கவனம் தேவை. சூரிச்சில் இருந்து பாரிசுக்கோ மிலானுக்கோ போய் வரலாம். அவை ஷெங்கனுக்குள் இருக்கின்றன. லண்டனுக்குப் போனால், திரும்பி சுவிசுக்குள் வர முடியாது. பிரிட்டன் அந்த ஏற்பாட்டில் இல்லை. லண்டனுக்கு விசாவும் தனி.

அதிகபட்சம் தங்கக்கூடியது 180 நாளில் 90 நாள். பிரசவத்துக்குப் போகும் தாய்மார்கள் ஏமாந்து போவது இங்கேதான்.

மகளுக்கு ஜூலை மாதம் பிரசவம் என்று டாக்டர் சொல்லி இருக்கிறார். "முன்னாலேயே போய்க் கூடமாட ஒத்தாசையாக இருப்போம்" என்று அம்மா மே 1-ந் தேதியே போய் இறங்கி விடுகிறார். 90 நாள் எப்போது முடிகிறது? ஜூலை 29-ந் தேதி. குழந்தை ஜூலை 20-ந் தேதி பிறந்தால், தாயும் சேயும் வீட்டுக்கு வந்து நிலைகொள்வதற்குள் பாட்டி விமானம் ஏற வேண்டும்! மறுபடி வரலாம் என்றால், அக்டோபர் கடைசி வாரம்வரை பொறுக்க வேண்டும்.

அதே அம்மா ஜூன் 1-ந் தேதி போனால், ஆகஸ்டு 29-ந் தேதி வரை இருக்கலாம். குழந்தைக்கு நாற்பது நாள் ஆகும்வரை கூட இருந்து பார்த்துக் கொள்ளலாம். விமான டிக்கெட்டு வாங்கும் முன் காலண்டரில் போட வேண்டிய கணக்கு இது.

"அங்கே போய்க் கெஞ்சி நாலு நாள் கூட்டிக் கொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டாம். கடுமையான நோய், பெரிய ஆபத்து போன்ற காரணம் இருந்தால்தான் நீட்டிப்பு. பேரனைப் பிரிய மனம் வரவில்லை என்பதை எந்த இலாகாவும் காரணமாக எடுத்துக் கொள்ளாது.

நாளைக் கடத்தி இருந்து விட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைக்கக் கூடாது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி முதல், எல்லையில் முகத்தைப் படம் எடுத்து, வந்த நாளையும் போன நாளையும் கம்ப்யூட்டரில் பதிகிற முறை படிப்படியாகத் தொடங்கியது. முன்பு அதிகாரி முத்திரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். இப்போது இயந்திரம் எண்ணுகிறது. கூடுதலாகத் தங்கினால் அபராதம் வரலாம். சில வருடத்துக்கு உள்ளே வரவே தடை போடலாம்.

மருமகன் போடும் கையெழுத்து

பெற்றோருக்குப் போதிய வருமானம் இல்லாவிட்டால், அங்கே இருக்கும் மகனோ மருமகனோ பொறுப்பேற்க வேண்டும் என்று தூதரகம் கேட்கலாம். அதற்கு ஒரு பத்திரம் இருக்கிறது. "கேண்டன்" என்று சொல்லப்படும் மாநிலத்தின் குடியேற்ற இலாகா அதைச் சரி பார்க்கும்.

சும்மா ஒரு கையெழுத்துத்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கையெழுத்தின் விலை 30 ஆயிரம் பிராங்க்! முப்பது லட்ச ரூபாய்க்கு மேல்.

வந்த விருந்தாளிக்கு நோய் வந்து, விபத்து நேர்ந்து, பில் கட்ட வழியில்லாமல் போனால், அந்தத் தொகை வரைக்கும் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் சேரும். தூரத்து உறவினர் ஒருவருக்காகக் கையெழுத்துப் போடச் சொல்லி மருமகனை வற்புறுத்தும் மாமனார்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இன்சூரன்சில் ஒளிவு மறைவு வேண்டாம்

ஷெங்கன் விசாவுக்கு மருத்துவ இன்சூரன்சு கட்டாயம். குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு இருக்க வேண்டும். தங்கும் நாள் முழுவதும், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் அது செல்ல வேண்டும்.

கட்டாயம் என்பதால், எது மலிவோ அதை வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்து விடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. பல இன்சூரன்சுப் பத்திரங்களில், முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சில கம்பெனிகள் கூடுதல் பணம் வாங்கிக் கொண்டு, உயிர் ஆபத்து வரும் சமயத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும். எப்படிப்பட்ட பத்திரம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நோயை மறைத்து வாங்கினால் பிரீமியம் குறையும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பதே, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான். பதில் காகிதத்தில் ஏறும். அந்தக் காகிதம் இன்சூரன்சுக் கம்பெனிக்குப் போகும். அவ்வளவுதான். பில் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

அங்கே ஆம்புலன்சுக்குக்கூடப் பணம் உண்டு. சில நூறு பிராங்க் முதல் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். மலையில் விழுந்தவரைத் தூக்கி வர ஹெலிகாப்டர் வந்தால் பல ஆயிரம் பிராங்க். உயிர் ஆபத்து என்றால் சிகிச்சைக்குத் தயங்க மாட்டார்கள். பில் பின்னால் வரும். மற்றபடி, வெளிநாட்டுக்காரர்களிடம் முன்பணம் கேட்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு.

ஆகவே உடம்பு சரியில்லை என்றதும், இன்சூரன்சுப் பத்திரத்தில் உள்ள டெலிபோன் நம்பருக்குச் சொல்லி விட வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று அவர்கள் சொல்லுவார்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

இந்த நம்பர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். ஆம்புலன்சு 144. போலீசு 117. தீ அணைக்கும் படை 118. குழந்தை எதையாவது விழுங்கி விட்டால், விஷ முறிவு யோசனைக்கு 145. மலை மீட்பு ஹெலிகாப்டர் 1414. எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112.

மாத்திரைப் பெட்டி

இந்தியாவில் இருந்து போகிறவர்கள் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று சுவிஸ் அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை.

சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத மருந்து கொண்டு போகலாம். மாத்திரைகளை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டு போகக் கூடாது. அட்டையோடு இருக்கட்டும். டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் டாக்டரை எழுதித் தரச் சொல்ல வேண்டும். இங்கே உள்ள கம்பெனிப் பெயர் அங்கே கடைக்காரருக்குத் தெரியாது. தூக்க மாத்திரையும், கடுமையான வலி மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டர் கடிதம் அவசியம்.

அங்கே மருந்துக் கடைக்கு அடையாளம் பச்சை நிறச் சிலுவை. நம் ஊர் போல, "காய்ச்சலுக்கு நாலு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டரைப் பார்க்கப் பணம் வேண்டும். தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, ஜலதோஷம் ஆகியவற்றுக்கான சாதாரண மாத்திரைகளை இங்கிருந்தே கொண்டு போவது சிக்கனம்.

இன்சுலின் போட்டுக் கொள்பவர்கள் அதைக் கைப்பையில் வைத்துக் கொள்ள வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால், விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுப் போகலாம். பெட்டியே வராமலும் போகலாம். நேரமும் மாறும். கோடையில் சுவிஸ் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். குளிர் காலத்தில் நாலரை மணி நேரம். ஊசியை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

காட்டுப் பாதையிலும் புல்வெளியிலும் நடக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே உண்ணிகள் இருக்கின்றன. அவை கடித்தால் மூளைக் காய்ச்சல் போன்ற நோய்கள் வரலாம். முழுக்கால் சட்டை, காலுறை அணிய வேண்டும். மாலையில் குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டி இருந்தால், சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும்.

ஊட்டியைவிட உயரம்

எல்லோரும் பார்க்க விரும்புவது யுங்பிராவ் கணவாய். 1912-ம் ஆண்டில் திறந்தார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான ரெயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. உயரம் 3,454 மீட்டர்.

இது எவ்வளவு உயரம்? நம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் மேல் இன்னும் 800 மீட்டர் ஏறியதற்குச் சமம்!

அங்கே காற்று அடர்த்தி குறைவு. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராண வாயுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இன்டர்லாக்கன் நகரம் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் காப்பி குடித்து விட்டு ரெயில் ஏறினால், இரண்டு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். 2020-ம் ஆண்டு டிசம்பரில் புதிய ரோப் கார் ஒன்றும் வந்து விட்டது. நேரம் இன்னும் குறைந்தது. நேரம் குறைந்தது சவுகரியம்தான். உடம்பு பழகுவதற்குக் கிடைக்கும் அவகாசமும் குறைந்தது.

மேலே போனதும் சிலருக்குத் தலை கனக்கும். மயக்கம் வரும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அங்கே ஓடக் கூடாது. பனியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். மெதுவாக நடந்து, அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தலைவலி கூடினால், வாந்தி வந்தால், டிக்கெட்டுப் பணத்தைப் பார்க்காமல் அடுத்த ரெயிலில் கீழே இறங்கி விட வேண்டும். இறங்குவதுதான் அதற்கு மருந்து.

இருதய நோய் உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், கர்ப்பிணிகள் இங்கேயே டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஜலதோஷம் உள்ள கைக்குழந்தைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் காது வலிக்கும். அப்போது பால் கொடுத்தால், விழுங்க விழுங்க வலி குறையும்.

பனியில் வெயில் பட்டுக் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி வேண்டும். கோடையிலும் மேலே குளிர் நடுக்கும். ஒரே கனத்த கோட்டைவிட, பனியன், சட்டை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்சட்டை என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதே நல்லது. சேலை கட்டும் பாட்டிமார்கள் உள்ளே கம்பளி கால்சட்டை போட்டுக் கொண்டு, வழுக்காத ஷூ அணிந்து வந்தால் போதும்.

இன்டர்லாக்கனில் இருந்து அங்கே போய் வரக் கோடையில் முழு டிக்கெட்டு 200 பிராங்கைத் தாண்டும். மேலே மேகம் மூடி இருந்தால், ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சுவரைப் பார்த்து விட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிகரத்தில் காமிரா வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்து நிலவரம் ரெயில் நிலையத்திலும், கையில் உள்ள போனிலும் தெரியும். அதைப் பார்த்து விட்டு டிக்கெட்டு வாங்க வேண்டும்.

உடம்புக்கும் பணத்துக்கும் அது ஒத்து வராது என்றால் வருத்தப்பட வேண்டாம். ரிகி மலை இருக்கிறது. உயரம் 1,798 மீட்டர். ஊட்டியைவிடக் குறைவு. ஐரோப்பாவிலேயே முதலாவதாகப் பற்சக்கர மலை ரெயில் ஓடியது அங்கேதான், 1871-ம் ஆண்டில். மேலே நின்றால் ஏரிகள் ஒரு பக்கம், பனிச் சிகரங்கள் ஒரு பக்கம். வயதானவர்களுக்கு இதுவே போதும். நாடு முழுவதும் ரெயிலில் போக வெளிநாட்டினருக்குத் தரும் "சுவிஸ் டிராவல் பாஸ்" கையில் இருந்தால், ரிகிக்குத் தனி டிக்கெட்டே தேவை இல்லை. யுங்பிராவுக்கு அந்தப் பாஸ் பாதி வழிவரைதான் செல்லும். அதற்கு மேல் கொஞ்சம் தள்ளுபடி மட்டுமே.

அந்தப் பாசை வாங்கும் தாய் தகப்பனாருடன் வரும் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவச அட்டை ஒன்று உண்டு. கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஊரில் மகள் வீட்டில் தங்கி இருக்கப் போகிற பாட்டிக்கு அந்தப் பாஸ் தண்டம். ஜெனீவா, பாசல், பெர்ன் நகரங்களில் ஓட்டலில் தங்குபவர்களுக்கு, ஊருக்குள் பஸ்சிலும் டிராமிலும் போக இலவச அட்டை கொடுக்கிறார்கள். இதையும் கேட்டுப் பெற வேண்டும்.

யூரோவா, பிராங்கா?

ஐரோப்பா என்றால் யூரோ என்று நினைத்து, யூரோவாக மாற்றிக் கொண்டு போகிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிராங்க்தான். பல கடைகளில் யூரோவை வாங்குவார்கள். மீதியைப் பிராங்கில் தருவார்கள். கணக்கும் கடைக்காரர் போட்டதுதான்!

ஒரு பயணத்துக்கு மூவாயிரம் டாலர் மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகளைக் கையில் எடுத்துப் போக ரிசர்வ் பாங்கி அனுமதிக்கிறது. அத்தனையும் நோட்டாக வேண்டாம். கொஞ்சம் நோட்டு, மீதி கார்டு என்று பிரித்துக் கொள்வது நல்லது.

முன்பு போய் வந்த சித்தப்பா மிச்சம் வைத்திருந்த பழைய பிராங்க் நோட்டைக் கொடுத்து அனுப்பினால் உஷார். 2016-ம் ஆண்டு முதல் 2019-ம் ஆண்டுவரை புது நோட்டுகள் வந்தன. முந்திய நோட்டுகள் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதியோடு கடைகளில் செல்லாமல் போய் விட்டன. சுவிஸ் தேசிய பாங்கியில் கொடுத்து மாற்றலாம்.

நம் பாங்கிக் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து விடும்படி பாங்கியிடம் சொல்ல வேண்டும். பாங்கி அனுப்பும் ரகசிய எண் வர, நம் ஊர் போன் நம்பரும் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு என்று விற்கும் எல்லாப் போன் திட்டமும் சுவிசில் எடுபடாது. நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் கார்டைச் செருகியதும், இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். "ரூபாயில் எடுக்கட்டுமா, பிராங்கில் எடுக்கட்டுமா?" ரூபாய் என்றதும் மனதுக்கு நெருக்கமாக இருக்கும். ரூபாயை அழுத்தாதீர்கள்! அதை அழுத்தினால், மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் லாபம் வைத்துப் போடுவார். பிராங்கை அழுத்தினால், நம் பாங்கி மாற்றும். பெரும்பாலும் அதுதான் மலிவு. பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வரும். அதை அங்கே "பாங்கோமாட்" என்கிறார்கள்.

பெரிய ரெயில் நிலையங்களிலும், விமான நிலைய ரெயிலிலும் ஜேப்படித் திருடர்கள் உண்டு. பெட்டியை மேலே தூக்கி வைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கைப்பை போய் விடும். பாஸ்போர்ட் போனால் போலீசில் எழுதிக் கொடுத்து விட்டு, பெர்ன் நகரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று வேறு பையில் இருந்தால் வேலை சுலபம்.

தண்ணீர் இலவசம்

ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு இருபது, முப்பது பிராங்க் ஆகும். காப்பிக்கே நாலைந்து பிராங்க். நாலு பேர் குடும்பம் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால், டிக்கெட்டுச் செலவு போலச் சாப்பாட்டுச் செலவு வந்து நிற்கும்.

மிக்ரோஸ், கூப் என்று இரண்டு பெரிய கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ரொட்டி, பழம், தயிர், அரிசி எல்லாம் கிடைக்கும். சமையல் அறையோடு கூடிய வீடாக வாடகைக்கு எடுத்தால், ஒரு குக்கர் சோற்றில் காலம் தள்ளலாம். பெரிய நகரங்களில் ஈழத் தமிழர்களின் பலசரக்குக் கடைகளும் உண்டு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மாவு அங்கே வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டி இருக்கும். பெரிய ரெயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் சுத்தமானது. சூரிச் நகரில் மட்டும் 1,200-க்கு மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் தெருவில் இருக்கின்றன. பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் "கைன் டிரிங்க்வாசர்" என்று எழுதி இருக்கும்.

கறிவேப்பிலை கூடாது

மகளுக்குப் பிடிக்குமே என்று நெய், பால்கோவா, கருவாடு, கறிவேப்பிலை, மாம்பழம் என்று கட்டிக் கொண்டு போவது நம் வழக்கம். இங்கே மனதைக் கல்லாக்கிக் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இருந்து போகும் பயணி, பாலையும் பாலில் செய்ததையும், இறைச்சியையும் எடுத்துப் போகக் கூடாது. பச்சை இலை, காய், பழம், விதை எல்லாவற்றுக்கும் பயிர் நோய் இல்லை என்ற அரசாங்கச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, அப்பளம் ஆகியவற்றோடு நிறுத்திக் கொள்வது நிம்மதி. கருவாட்டைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே வைத்து விடலாம்.

பரிசுப் பொருள்களுக்கும் அளவு உண்டு. ஆள் ஒன்றுக்கு 300 பிராங்க் மதிப்புவரை வரி இல்லை என்று இருந்தது. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அதை 150 பிராங்காகக் குறைத்து விட்டார்கள். சொந்தத் துணிமணிகளுக்கு இந்தக் கணக்கு இல்லை.

திரும்பும்போது கொஞ்சம் பணம் மீட்கவும் வழி இருக்கிறது. சுவிசில் பெரும்பாலான சாமான்களுக்கு 8.1 சதவீதம் விற்பனை வரி. ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் கடிகாரமோ மற்றதோ வாங்கினால், வரியைத் திருப்பித் தரும் படிவம் தரும் கடைகள் உண்டு. பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். படிவத்தையும் சாமானையும் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டியை விமானத்தில் ஏற்றி விட்டுப் போய் நின்றால், "சாமான் எங்கே?" என்பார்.

கடைசியாகச் சில்லறை. ஐந்து பிராங்க் வரை அங்கே நாணயமாகவே இருக்கிறது. பத்து நாளில் பை கனத்து விடும். நம் ஊரில் நோட்டை மாற்றித் தருவார்கள். நாணயத்தை வாங்க மாட்டார்கள். விமான நிலையத்தில் சாக்லேட் வாங்கும்போது, முதலில் நாணயங்களைக் கொடுத்து விட்டு, மீதிக்குக் கார்டைக் காட்டலாம். கடைக்காரர்கள் கோபிக்க மாட்டார்கள்.